கொலுவில் கட்டிய ஏரி

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருஷக்கணக்கில் இழுத்தடித்துவிட்டேன். இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதினேன், பிரசவத்தை எழுதினேன், நாத்தனாரோடு போட்ட சண்டையைக்கூட எழுதிவிட்டேன். ஒவ்வொரு வாரமும் எழுத உட்கார்ந்தால் முதலில் வந்து நிற்பது இதுதான். ‘நீ அப்புறம் வா’ என்று தள்ளிவிட்டு வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன்.

பயம் ஒரு காரணம். இவர் வேண்டாம் என்றது இன்னொரு காரணம். இவர் என்றால் என் வீட்டுக்காரர், ஏசி மெக்கானிக். “முடிஞ்சுபோனதை எதுக்குக் கிளறுற தேவி?” என்பார். முடிந்துபோகவில்லை என்று போன புரட்டாசியில்தான் தெரிந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கோபத்தோடுதான் எழுதுகிறேன். அம்மன் படத்துக்கு விளக்கேற்றி, குங்குமம் இட்டுக்கொண்டு உட்கார்ந்தும் அது அடங்கவில்லை. அடங்க வேண்டாம் என்று அவளே விட்டிருக்கிறாள் போல.

கரண்டியோடு நின்றவன்

நவராத்திரியில் ஒரு சாயங்காலம். செம்பாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் அபார்ட்மெண்டின் மீட்டிங் ஹால். இரும்புப் படிகளில் வெள்ளை வேட்டி விரித்து பொம்மைகள் நிறைந்திருந்தன. படிகளுக்குக் கீழே தரையில் பிள்ளைகள் செய்த பார்க். வெளியே அப்போதுதான் மழை விட்டிருந்தது. சாம்பிராணியும் ஈரச் செருப்பும் பட்டாணிச் சுண்டலும் ஒன்றாகக் கலந்து ஒரு வாசனை.

என் மகன் கவினுக்கு அப்போது ஐந்து வயது. சின்ன வேட்டி கட்டியிருந்தான். அது இடுப்பில் நிற்காததால் ஸ்கூல் பெல்ட் போட்டுவிட்டிருந்தேன். ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் எண்ணெய்க் கரண்டி. தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்னால் குனிந்து நின்று, டம்ளரிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினான். கட்டடத்தில் செருகியிருந்த பப்பாளித் தண்டு வழியாகப் பழுப்பாக ஒழுகி, அலுமினியத் தாம்பாளத்தில் தேக்கியிருந்த தெளிந்த தண்ணீரில் போய் விழுந்தது.

“இதான் எங்க ஏரி! மழை வந்தா இப்டித்தான் ஊத்தும்! பொள பொள பொளன்னு!”

எல்லோரும் கைதட்டினார்கள். “ஐயோ, செல்லத்தைப் பாரேன்” என்று யாரோ சொன்னார்கள். மூன்றாவது மாடிப் பெண் ஒருத்தி போனை எடுத்து வீடியோ பிடித்தாள். வெற்றிலைபாக்கு வாங்க வந்த வெளியாட்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் அந்தத் தீப்பெட்டிக் கட்டடத்தின் நிறம் அவர்கள் கண்ணில் பட்டது. பீச் கலர் சுவர். ஓரங்களில் பச்சைப் பட்டை. மொட்டை மாடியில் பற்பசை மூடியால் செய்த நீலத் தொட்டி. அது நாங்கள் நின்றுகொண்டிருந்த கட்டடமேதான்.

கைதட்டல் அப்படியே தேய்ந்து நின்றது. கவின் மட்டும் கரண்டியோடு சிரித்துக்கொண்டு நின்றான், இன்னும் தட்டுவார்கள் என்று.

பிள்ளைகளுக்கு விட்ட இடம்

கொலு வைக்கிறவர்களுக்குத் தெரியும். படிகள் பெரியவர்களுடையவை. எந்தப் பொம்மை எந்தப் படி என்பதற்குச் சட்டம் உண்டு. கீழே தரையில் இருக்கும் பார்க் மட்டும் பிள்ளைகளுக்கு. மண்ணைப் பரப்பி, ராகியோ கடுகோ விதைத்து, அது பச்சையாக முளைத்ததும் நடுவில் குளம், ஓரத்தில் ரோடு, மான், மாடு, பஸ். அங்கே டைனோசரும் பசுமாடும் ஒரே குளத்தில் தண்ணீர் குடிக்கும். யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் அபார்ட்மெண்டில் கொலுவுக்குத் தலைமை கோமதி மாமி. இரண்டாவது மாடி, சொந்த வீடு. மாமியைப் பற்றிப் பொய்யாகக் குறை எழுதமாட்டேன். பத்தாவதோடு படிப்பு நின்ற எனக்கு லலிதா சகஸ்ரநாமத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தவர் மாமிதான். வாடகைக்கு இருக்கிறவர்கள் என்று எங்களை ஒருநாளும் தள்ளி வைத்ததில்லை.

அந்த வருஷம் காலாண்டு லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, “குழந்தேளா, எப்பவும் மிருகக்காட்சி சாலைதானா? இந்தத் தடவை நம்ம ஏரியை வெச்சா என்ன? எத்தனை லட்சணமா இருக்கும்!” என்று சொன்னதும் மாமிதான். இதை யாரும் மறக்கக் கூடாது.

மாமி மனசில் தாமரையும் அன்னமும் இருந்திருக்கும். பிள்ளைகள் நம்ம ஏரி என்றால் நம்ம ஏரி என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் மகள் தாரணிக்கு எட்டு வயது. தரைத்தளத்து ஷாகிதா அக்காவின் மகள் ரிஃபாவுக்கும் அதே வயது. கவின் அவர்களுக்கு எடுபிடி. இந்த மூன்று பேரும் சேர்ந்தால் அந்த லீவு முழுக்க வீடு வீடாக இருக்காது. காலையில் வெயில் சுள்ளென்று காயும்; தட்டான்கள் தலைக்கு மேல் தாழ்வாகப் பறக்கும்; அவற்றின் பின்னால் ஓடுவார்கள். சாயங்காலம் மழை வரும். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் இருக்கிற பப்பாளி மரத்தில் தண்டை உடைத்துக்கொண்டு வந்து சோப்புத் தண்ணீரில் முக்கி முட்டை ஊதுவார்கள். என் புடவையெல்லாம் சோப்புக் கறை. திட்டுவேன். திட்டிக்கொண்டே நானும் ஊதுவேன்.

சுவரில் ஒரு சந்து

பார்க்குக்குக் களிமண் வேண்டும் என்று ஒருநாள் மூன்று பேரையும் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஆளுக்கு ஒரு பக்கெட். கரையில் ஒரு சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அவரைக் கும்பிட்டுவிட்டு மண் தோண்டினோம். கவின் கணுக்கால் வரை இறங்கிவிட்டு, “அம்மா, மண்ணு என் காலை சாப்புடுது!” என்று கத்தினான்.

ரிஃபா நாரையைப் பார்த்தாள். தாரணி ஆகாயத்தாமரையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் கவர்களையும் பார்த்தார்கள். ‘இதையும் வெக்கணும், அதையும் வெக்கணும்’ என்று பேசிக்கொண்டே வந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. அபார்ட்மெண்டின் பின்பக்கச் சுவரை ஒட்டி ஓடினோம். அங்கே அடியில் சுவரை உடைத்து ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். அதிலிருந்து கறுப்பாக, நுரையோடு, ஏரிக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. என்ன நாற்றம் என்று எழுத வேண்டுமா? எங்கள் எல்லோர் வீட்டுக் குளியலறை நாற்றம்.

உள்ளே இருந்து வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டார். அவர் இப்போது அங்கே இல்லை, ஊரோடு போய்விட்டார். அதனால் எழுதுகிறேன்.

“இன்னா பாப்பா, அங்க இன்னா பாத்துகினு கீறீங்க? இப்பால வாங்க, கப்பு அடிக்குது.”

“இது எந்தத் தண்ணி தாத்தா?” என்று தாரணி கேட்டாள்.

“நம்ம வூட்டுத் தண்ணிதான். மழ பேஞ்சா தொறந்துவுட சொல்லிக்கீறாங்க. சாக்கடை லாரியாண்ட சொன்னா வர லேட்டாவுதாம். நீ அதெல்லாம் பாக்காத, சளி புடிக்கும், போ.”

எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை நாள் அந்த ஏரிக்கரையிலேயே துணி காயப்போட்டு, காற்று வாங்கி, ‘ஏரி நாறுது, யாரோ விடறாங்க’ என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் பேசியிருக்கிறேன். அன்றைக்கே இவரிடம் சொன்னேன். “மீட்டிங்ல கேக்கறேன்” என்றார். வாடகைக்காரர்களை மீட்டிங்குக்குக் கூப்பிடமாட்டார்கள்.

காத்திருந்த பெரியவர்

இந்த இடத்தில் திருநீர்மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

புரட்டாசி சனிக்கிழமை என்றால் எங்களுக்குத் திருநீர்மலைதான். புரட்டாசி முழுக்க வீட்டில் கவுச்சி கிடையாது. அந்த வருஷமும் பிள்ளைகளோடு படியேறினோம். கவின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். அவனை நகர்த்த ஒரு கதை சொன்னேன். முன்னொரு காலத்தில் இந்த மலையைச் சுற்றிலும் தண்ணீராக நின்றதாம். பெருமாளைச் சேவிக்க வந்த ஒரு பெரியவர் தண்ணீர் வடியட்டும் என்று மாதக்கணக்கில் எதிரே தங்கிக் காத்திருந்தாராம்.

“ஏம்மா, மோட்டார் போட்டு எடுத்திருக்கலாம்ல?” என்றான் கவின்.

“டேய், அது சாமி தண்ணி. அதை எப்டி எடுப்பாங்க?” என்றாள் தாரணி. கொஞ்சம் ஏறியதும், “நம்ம ஏரியும் சாமி தண்ணியாம்மா?” என்று கேட்டாள்.

“எல்லாத் தண்ணியும் சாமி தண்ணிதான்” என்றேன். கோயில் படியில் நின்றுகொண்டு வேறு என்ன சொல்ல முடியும்? நான் நம்புவதும் அதுதான். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

ராகி முளைத்தது

தாம்பாளத்தைச் சுற்றிக் களிமண் அப்பி, ராகி விதைத்து, ஈரத்துண்டால் மூடி வைத்தார்கள். பல் தேய்க்காமல் முதலில் ஹாலுக்கு ஓடித் துண்டைத் தூக்கிப் பார்ப்பான் கவின். ஒரு காலையில் வெள்ளையாக ஊசி ஊசியாக எட்டிப் பார்த்ததும், அபார்ட்மெண்ட் முழுக்கக் கேட்கும்படி, “ராகிக்குப் பொறந்துடுச்சு!” என்று கத்தினான். மாமிகூட மேலேயிருந்து ஓடிவந்து அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

கொத்தமல்லித் தழைதான் ஆகாயத்தாமரை. காகிதத்தில் நாரை. பால் கவரைக் கத்தரித்துத் துண்டு துண்டாக மிதக்கவிட்டார்கள். கரையில் மஞ்சள் பிள்ளையார். தீப்பெட்டியில் அபார்ட்மெண்ட். எந்த மாடியில் யார் வீடு என்று ஸ்கெட்ச் பேனாவால் ஜன்னல் போட்டார்கள். எங்கள் ஜன்னலில் என் புடவைகூடக் காய்ந்தது.

பப்பாளித் தண்டைத் தாரணி செருகியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். பார்த்தேன். எடு என்று சொல்லத் தோன்றவில்லை. இருக்கிறதுதானே? டிகாஷன் மட்டும் எனக்குத் தெரியாது. அது கவினுடைய சொந்த யோசனை. என் பில்டரில் மறுநாள் காலைக்கு இறங்கியிருந்ததை அப்படியே டம்ளரில் சாய்த்துக்கொண்டு போய்விட்டான்.

டிகாஷன் நாற்றம் அடிக்காது

இப்போது ஹாலுக்கு வருகிறேன். கைதட்டல் நின்றது என்றேன் அல்லவா?

முதலில் மாமிதான் பேசினார். “ஏன்டிம்மா தேவி, இது என்ன கூத்து? அம்பாள் சந்நிதியில அசிங்கத்தைக் கொண்டு வந்து வெச்சிருக்கேளே!”

என் உடம்பில் எங்கிருந்து அந்த வார்த்தை வந்ததென்று தெரியவில்லை. “அசிங்கம் ஏரியில இருக்கு மாமி. இது காபி டிகாஷன்.”

சிலர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

அசோசியேஷன் செக்ரட்டரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். நவராத்திரிக்கென்று வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். குனிந்து அந்தப் பப்பாளித் தண்டைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் தீப்பெட்டிக் கட்டடம் ராகி மேல் சாய்ந்தது. தண்டை எங்கே போடுவது என்று தெரியாமல் ஜிப்பா பையில் வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணியில் பழுப்பாக ஊறியது.

“அங்கிள், அது குழாய் அங்கிள்” என்றாள் தாரணி. ஏதோ தெரியாமல் எடுத்துவிட்டார் என்று நினைத்துவிட்டாள். “பின்னாடி சுவத்துல இருக்கில்ல, அது.”

“அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

“இருக்கு அங்கிள், நாங்க பாத்தோம்.”

“இல்லன்னு சொல்றேன்ல?” என்று அதட்டினார். வெள்ளிக்கிழமை, விளக்கு எரிகிறது, மேல்படியில் அம்பாள் உட்கார்ந்திருக்கிறாள், எட்டு வயசுப் பெண்ணை அதட்டுகிறார் அந்த மனுஷன். கவின் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அங்கே நின்ற இத்தனை அப்பா அம்மாவும் சுண்டல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஷாகிதா அக்கா மட்டும் வந்து, சாய்ந்த கட்டடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, ரிஃபாவையும் தாரணியையும் கூட்டிக்கொண்டு வெளியே போனார். “வாங்கடி, நம்ம வூட்ல பாயசம் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

ஒரு நிமிஷம்தான் மேடம்

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். விடவில்லை.

மூன்றாவது மாடிப் பெண் எடுத்த வீடியோ அவள் சொந்தக்காரர்களுக்குப் போய், அங்கேயிருந்து எங்கெங்கோ போய், ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுத்தம் செய்ய வருகிற பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த ஞாயிறே அவர்கள் வந்து செக்ரட்டரியிடம் கேட்டிருக்கிறார்கள். பின்பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்கள். செக்ரட்டரி கேட்டைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானமே எங்கள் வீட்டுக் காலிங் பெல் அடித்தது. செக்ரட்டரி. சிரித்த முகம்.

“லுக் மேடம், இது நம்ம எல்லாருடைய இமேஜ் பிரச்சனை. பாப்பா ஒரு சின்ன வீடியோ பேசட்டும். ‘நான் சும்மா கற்பனையா செஞ்சேன், அந்த மாதிரி குழாய் எதுவும் இல்ல, ஸாரி’ன்னு. கொலு முன்னாடியே எடுத்துடலாம், பாக்க நல்லா இருக்கும். ஒரு நிமிஷம்தான் மேடம்.”

“குழாய் இருக்கே சார்.”

“அது வேற விஷயம் மேடம்.”

எது வேறு விஷயம்? இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் கையில் இருக்கிறதைத் தூக்கி எறியலாம் போல வருகிறது. சாக்கடை ஏரிக்குப் போவது வேறு விஷயம். பிள்ளை அதைச் சொன்னது மட்டும்தான் விஷயம்.

முடியாது என்றேன். சாயங்காலம் வீட்டு ஓனர் ஓசூரிலிருந்து போன் செய்தார். “சொல்றதைச் செஞ்சிட்டுப் போங்களேம்மா. சின்னப் பொண்ணு பேசினா என்ன தேஞ்சா போயிடும்? ஒத்துவராதுன்னா பொங்கலுக்குள்ள வேற வீடு பாத்துக்குங்க.”

மறுநாள் சரஸ்வதி பூஜை. காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்தேன். இவர் டூல்ஸ் பையைப் பூஜைக்காகத் துடைத்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தார்.

“வீடு மாத்தறது லேசா தேவி? இவ ஸ்கூலு பக்கத்துல இருக்கு. ஒரு வீடியோதானே?”

“ஏங்க, புஸ்தகத்தை வெச்சுக் கும்பிடற நாள்ல, சாமி முன்னாடி நிக்கவெச்சு, தெரிஞ்சே பொய் சொல்லச் சொல்றாங்க. அவ நம்ம வயித்துல பொறந்தவ.”

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாயில் படுத்திருந்த தாரணி தூங்கவில்லை. எழுந்து உட்கார்ந்தாள். “நான் வேணா சொல்லிடறேம்மா. இல்லன்னா வீடு போயிடுமில்ல? அப்பா பாவம்.”

இதற்குத்தான் நான் அவர்களை மன்னிக்கவில்லை. வீடு போனதற்கு இல்லை. பார்க்கைக் கலைத்ததற்குக்கூட இல்லை. குளத்தில் கொத்தமல்லி மிதக்கவிட்டு விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை, எந்தப் பொய்யைச் சொன்னால் அப்பா தலைமேல் கூரை நிற்கும் என்று உட்கார்ந்து யோசித்தாள் பாருங்கள், அதற்கு.

எடுங்க சார்

சாயங்காலம் ஹாலுக்குப் போனோம். நாங்கள் வருவதைப் பார்த்ததும் செக்ரட்டரி, சம்மதித்துவிட்டோம் என்று நினைத்து நாற்காலி போட்டார். தாரணி பட்டுப்பாவாடையில் இருந்தாள். ராகி நன்றாக வளர்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பிள்ளைகளின் ஏரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடி வைத்து இரண்டு பிளாஸ்டிக் அன்னங்களை விட்டிருந்தார்கள்.

செக்ரட்டரி போனைத் தூக்கிப் பிடித்தார். “பாப்பா, நேரா பாரு. ஸ்மைல்.”

மாமி அவள் தலையைத் தடவினார். “சொல்லிடு கண்ணா. குழந்தை சொன்னா அம்பாள் மன்னிச்சுடுவா.”

“அம்பாள் மன்னிப்பா மாமி. நான் மன்னிக்கமாட்டேன்” என்று சொல்லித் தாரணியைப் பின்னால் இழுத்துவிட்டு நான் போய் நின்றேன். கால் நடுங்கியது. “எடுங்க சார். அவ பேசமாட்டா, நான் பேசறேன். பின்பக்கச் சுவத்துல குழாய் இருக்கு. மழை வந்தா திறந்து விடறாங்க. அதுல என் வீட்டுத் தண்ணியும் போவுது, இங்க நிக்கிற எல்லார் வீட்டுத் தண்ணியும் போவுது. என் பிள்ளைங்க கண்ணால பாத்ததைத்தான் செஞ்சாங்க. அம்மா தாயே, நீ சாட்சி.”

போன் எப்போது கீழே இறங்கியது என்று தெரியவில்லை. பாதியிலேயே நிறுத்திவிட்டிருந்தார்.

“நான்சென்ஸ்” என்றார். “படிக்காதவங்ககிட்ட பேசறதே வேஸ்ட்.”

அதுவரை வாசலிலேயே நின்றுகொண்டிருந்த இவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கவினைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். “அவங்க சொன்னதுதான் சார். வீட்டைக் காலி பண்ணிடறோம்” என்றார். அவ்வளவுதான். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் பக்கத்தில் நின்றது எனக்கு அவ்வளவு பலமாகத் தெரியவில்லை.

மாமி எனக்கு வெற்றிலைபாக்கு நீட்டினார். வாங்கிக்கொண்டேன், அது அம்பாளுடையது. மாமியோடு அதற்கப்புறம் பேசவில்லை.

பொங்கலுக்கு முன்பே அனகாபுத்தூர் பக்கம் வந்துவிட்டோம். சந்துக்குள் சின்ன வீடு. மழைக்காலத்தில் ஆறு எட்டிப் பார்க்கும். தாரணி புது ஸ்கூலில் ரொம்ப நாள் யாரோடும் ஒட்டவில்லை. அடுத்த நவராத்திரிக்கு வீட்டிலேயே சின்னதாகக் கொலு வைத்தேன். பார்க் செய்யுங்கள் என்றேன். “வேணாம்மா” என்று சொல்லிவிட்டாள். ராகிப் பொட்டலம் பிரிக்காமலே வண்டு விழுந்துபோனது.

போன புரட்டாசி

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, திருநீர்மலையில் வரிசை. எனக்கு முன்னால் ஒரு பெண் முந்தானையால் விசிறிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“செம்பாக்கத்துல ஒரு அபார்ட்மெண்ட்ல நடந்துச்சாம். எவளோ ஒருத்தி, பசங்களை விட்டு சாக்கடைத் தண்ணியை மொண்டாந்து கொலுவுல ஊத்த வெச்சாளாம். பொம்மை மேலயே! அசோசியேஷன் மேல ஏதோ காண்டாம். அதே வருஷம் வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களாம். சாமி குத்தம் சும்மா விடுமா?”

“ஐயய்யோ, பொம்பளையா அவ?” என்றாள் மற்றவள்.

கவின்தான், இப்போது நாலாவது படிக்கிறான், எட்டிப் பார்த்து, “அது டிகாஷன், ஆன்ட்டி” என்றான்.

“எதுப்பா?”

“ஊத்துனது. டிகாஷன். நான்தான் ஊத்துனேன். குழாய் இருந்துச்சு, அதை ஏன் நீங்க சொல்லல?”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். வரிசை நகர்ந்தது. அவள் பெருமாளிடம் என்ன வேண்டிக்கொண்டாள் என்று தெரியாது. நான் ஒன்றுமே வேண்டிக்கொள்ளவில்லை. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

படி இறங்கும்போது தாரணி, இப்போது என் உயரத்துக்கு வந்துவிட்டாள், “நீ பத்திரிகையில எல்லாத்தையும் எழுதறியே, இதை மட்டும் ஏம்மா எழுதல?” என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகாமல் தாம்பரம் பஸ் ஏறி, அங்கேயிருந்து செம்பாக்கம் போய் ஏரிக்கரையில் இறங்கினோம். அபார்ட்மெண்டுக்குப் புது பெயிண்ட். பின்பக்கச் சுவர் வழவழவென்று பூசியிருந்தது. குழாய் இல்லை. ஒரு நிமிஷம் என் மனசு குளிர்ந்துதான் போனது. அம்மா தாயே என்று கையெடுத்தேன்.

அப்போது தூறல் ஆரம்பித்தது. நாங்கள் ஒதுங்கி நின்றோம். மழை வலுத்ததும், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வந்தது. அப்புறம் கறுப்பாக ஒரு வட்டம் மேலே விரிந்தது. அதே நாற்றம்.

“தண்ணிக்கு அடியில கொண்டுபோயிட்டாங்கம்மா” என்றாள் தாரணி. அவள் குரலில் ஆச்சரியம் கொஞ்சமும் இல்லை. அதுதான் என்னை இந்த மேஜையில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

படித்துவிட்டு நாலு பேரிடம் சொல்லுவீர்கள். சொல்லுங்கள். நவராத்திரி வருகிறது, வெற்றிலைபாக்கு வாங்கப் போகிற வீடுகளிலெல்லாம் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என் மகளைப் பெரிய புத்திசாலியாக்க வேண்டாம், அவள் பார்த்ததைச் செய்தாள். என்னைத் துணிச்சல்காரி என்று ஏற்றிவிட வேண்டாம், எனக்குக் கால் நடுங்கியது. மாமியை ராட்சசியாக்காதீர்கள். ஊற்றியது டிகாஷன் என்று சொல்லுங்கள். குழாயை மட்டும் கதையிலிருந்து எடுத்துவிடாதீர்கள். அதை ஏற்கெனவே ஒருவர் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.